பிள்ளையின் முதுகில் எத்தனை கிலோ?

தண்டையார்பேட்டை. காலை மணி 8.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பஸ்களும் ஆட்டோக்களும் முட்டி மோதுகின்றன. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் சாலை ஓரமாக நடக்கிறார்கள்.

முன்னால் ஒரு சிறுமி போகிறாள். நாலாம் வகுப்பு இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் அவள் முதுகு தெரியவில்லை. பைதான் தெரிகிறது. பைக்குக் கீழே இரண்டு கால்கள். கழுத்து முன்னால் நீண்டிருக்கிறது. இடுப்புக்கு மேலே உடம்பு சாய்ந்திருக்கிறது. எதிர்க்காற்றில் நடப்பவள் போல அவள் நடக்கிறாள்.

அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் பார்க்கிற காட்சிதானே!

எல்லாவற்றுக்கும் எடை உண்டு

இந்த வட்டாரத்தில் எடை பார்க்காமல் எதுவும் நகராது.

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். ஒவ்வொரு இரும்புப் பெட்டியின் கதவிலும் இரண்டு கணக்கு எழுதியிருக்கும். ஒன்று, காலிப் பெட்டியின் எடை. மற்றொன்று, சரக்கோடு சேர்த்து எவ்வளவு எடை வரை போகலாம் என்ற அளவு. எடையைச் சரிபார்த்துச் சொல்லாத சரக்குப் பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று 2016-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் உலகம் முழுவதும் விதி இருக்கிறது.

கப்பலுக்கும் அளவு உண்டு. அதன் விலாவில் ஒரு வட்டமும் குறுக்கே ஒரு கோடும் போட்டிருப்பார்கள். சரக்கு ஏற ஏறக் கப்பல் தண்ணீரில் அமிழும். அந்தக் கோடு முழுகும் அளவுக்கு ஏற்றக் கூடாது. பேராசையால் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றி, கப்பலோடு மாலுமிகளும் மூழ்கிய காலம் ஒன்று இருந்தது. சாமுவேல் பிலிம்சால் என்பவர் இங்கிலாந்துப் பார்லிமெண்டில் ஓயாமல் போராடினார். 1876-ல் சட்டம் வந்தது. கோடும் வந்தது.

மூட்டை தூக்கும் மனிதனுக்கும் அளவு உண்டு. வயது வந்த ஆண் தொழிலாளி ஒருவர் கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகாமல் பார்க்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் பரிந்துரை செய்தது.

பெட்டிக்கு அளவு. கப்பலுக்குக் கோடு. தொழிலாளிக்கு வரம்பு.

அந்த நாலாம் வகுப்புச் சிறுமியின் பைக்கு?

அதற்கும் அளவு இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் தராசில் வைத்துப் பார்ப்பதில்லை.

நூற்றுக்குப் பத்து

அளவு மிகவும் எளிது. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான்.

பிள்ளை 20 கிலோ இருந்தால் பை 2 கிலோ. 30 கிலோ இருந்தால் 3 கிலோ. அதற்கு மேல் கூடாது.

மத்திய அரசு 2020-ல் பள்ளிப்பைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதிலும் இதே கணக்குத்தான். 1, 2-ம் வகுப்புக்கு 1.6 முதல் 2.2 கிலோ. 3 முதல் 5-ம் வகுப்பு வரை 1.7 முதல் 2.5 கிலோ. 6, 7-ம் வகுப்புக்கு 2 முதல் 3 கிலோ. 8-ம் வகுப்புக்கு 2.5 முதல் 4 கிலோ. 9, 10-ம் வகுப்புக்கு 2.5 முதல் 4.5 கிலோ. மேல்நிலை வகுப்புகளுக்கு 3.5 முதல் 5 கிலோ. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பையே வேண்டாம்.

இப்போது ஒரு பையைத் திறந்து பார்ப்போம். இது மாதிரிக் கணக்கு. உங்கள் வீட்டுப் பை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

காலிப் பை 700 கிராம். பாடப் புத்தகம் 4, அது 1,200 கிராம். நோட்டு 6, அதுவும் 1,200 கிராம். சாப்பாட்டு டப்பா 500 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரோடு பாட்டில் 1,100 கிராம். பென்சில் பெட்டி, ஜாமெட்ரி பெட்டி 200 கிராம். கூட்டிப் பாருங்கள். 4 கிலோ 900 கிராம்!

தூக்குகிற பிள்ளையின் எடை 24 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவள் சுமக்க வேண்டியது 2 கிலோ 400 கிராம். சுமப்பது அதைப் போல இரண்டு மடங்கு. 60 கிலோ எடையுள்ள அப்பா, தினமும் 12 கிலோவை முதுகில் மாட்டிக்கொண்டு வேலைக்கு நடப்பதற்குச் சமம்.

முதுகு என்ன செய்கிறது?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிறு எலும்புகள். அவற்றில் 24 எலும்புகள் தனித்தனியாக அசையும். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போன்ற தட்டு இருக்கிறது. இந்த அடுக்கு சரியாமல் இழுத்துப் பிடித்திருப்பவை தசைகள்.

முதுகில் கனமான பையை மாட்டினால் அது பின்னால் இழுக்கும். பிள்ளை மல்லாக்க விழாமல் இருக்க முன்னால் சாய்கிறது. சாய்ந்தால் கண் தரையைப் பார்க்கும். எதிரே வரும் வண்டி தெரிய வேண்டுமே! அதற்காகக் கழுத்தை முன்னால் நீட்டித் தலையைத் தூக்குகிறது. தசைகள் ஓய்வில்லாமல் இழுபடுகின்றன. தோள் வலி, கழுத்து வலி, இடுப்பு வலி எல்லாம் இப்படித்தான் வருகின்றன.

ஒற்றைத் தோளில் மாட்டினால் இன்னும் மோசம். அந்தத் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். இல்லாவிட்டால் பை நழுவிவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கனமான பையைத் தூக்கியதால் முதுகெலும்பு நிரந்தரமாகக் கோணிவிடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆகவே பயந்துவிட வேண்டாம். ஆனால் வலி உண்மை. களைப்பு உண்மை. வலியோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதும் உண்மை.

பழைய வழக்கு

இந்தப் பைச் சண்டை இன்று தொடங்கியது அல்ல.

ஆர்.கே. நாராயணன் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் சென்னைப் புரசைவாக்கத்தில் பிறந்தவர். நாடாளுமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். 1989-ல் அங்கே பேச எழுந்தபோது, பெரிய அரசியல் எதையும் அவர் பேசவில்லை. பிள்ளைகளின் புத்தகப் பையைப் பற்றிப் பேசினார். பை கனத்துப் பிள்ளைகள் கூன் போட்டு நடக்கிறார்கள் என்று வருந்தினார்.

பிறகு பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 1993-ல் 'சுமையின்றிக் கற்றல்' என்ற அறிக்கை வந்தது. பையின் கனத்தைவிடப் பெரிய கனம் ஒன்று உண்டு, அது புரியாமல் படிப்பது என்று அந்த அறிக்கை எடுத்துச் சொன்னது.

தமிழ்நாட்டில் 2012-13-ம் கல்வியாண்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. ஆண்டு முழுவதற்குமான தடித்த புத்தகத்தை மூன்றாகப் பிரித்தார்கள். பை இளைத்தது.

2018-ம் ஆண்டு மே 29-ந் தேதி சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என்.கிருபாகரன் ஒரு உத்தரவு போட்டார். 1, 2-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது, பையின் எடையைக் குறைக்க வழி செய்ய வேண்டும் என்றார். பிள்ளைகள் பளு தூக்கும் வீரர்கள் அல்ல, அவர்களுடைய பை சரக்கு ஏற்றிய கண்டெய்னரும் அல்ல என்று அவர் சொன்னது, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வாழும் நமக்கு நன்றாகவே புரியும்.

ஆக, மேலவையில் பேசியாயிற்று. அறிக்கை எழுதியாயிற்று. கோர்ட்டும் சொல்லியாயிற்று. ஆனால் பை இருப்பது நம் வீட்டு மூலையில். அதைத் திறந்து பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

தராசு எங்கே?

வீட்டில் எடை மெஷின் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். தெருமுனையில் காயலான் கடை இருக்கிறது. பழைய பேப்பர் வாங்கும் கடையும் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பையை அந்தத் தராசில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். யாரும் காசு கேட்கமாட்டார்கள். பிள்ளையின் எடையை மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு பையைக் குறையுங்கள்.

முதலில் கால அட்டவணை. நாளைக்கு என்னென்ன பாடமோ அந்தப் புத்தகமும் நோட்டும் மட்டும் போகட்டும். நம் மாதிரிக் கணக்கில் இரண்டு புத்தகமும் மூன்று நோட்டும் வீட்டில் நின்றால் 1 கிலோ 200 கிராம் போய்விடும்.

அடுத்தது தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ கனம். பள்ளியில் நல்ல குடிதண்ணீர் இருந்தால் பாட்டிலில் பாதி போதும். அங்கே நிரப்பிக்கொள்ளலாம். தண்ணீர் சரியில்லை என்றால் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். தண்ணீரையே குறைத்துவிடாதீர்கள். குழந்தை தாகத்தோடு இருக்கக் கூடாது.

சாப்பாட்டு டப்பாவையும் பாட்டிலையும் சின்னக் கூடையில் வைத்துக் கையில் கொடுங்கள். கையை மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்கு டப்பாவின் கனமே இல்லை.

இப்போது முதுகில் இருப்பது 2 கிலோ 100 கிராம்தான். ஒரு பைசா செலவில்லை!

பையை மாட்டும் முறை

கனமான புத்தகங்கள் முதுகை ஒட்டி உள்பக்கம் இருக்க வேண்டும். டப்பா, பெட்டி எல்லாம் வெளிப்பக்கம்.

வார் இரண்டையும் இரண்டு தோளிலும் மாட்ட வேண்டும். வார் அகலமாக இருந்தால் தோளை அறுக்காது. வாரை இழுத்துச் சரிசெய்யுங்கள். பை முதுகோடு ஒட்டி நிற்க வேண்டும். இடுப்புக்குக் கீழே தொங்கி ஆடக் கூடாது.

பிள்ளை வளருமே என்று இரண்டு ஆண்டுக்கும் சேர்த்துப் பெரிய பை வாங்குவது நம் வழக்கம். சட்டைக்கு அது சரி. பைக்குச் சரியல்ல. பெரிய பை இருந்தால் அதை நிரப்பத்தான் தோன்றும்.

தரையிலிருந்து பையை எடுக்கும்போது முதுகை வளைத்து ஒரே வெட்டாக இழுக்கக் கூடாது. முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பையை உடம்போடு அணைத்து எழ வேண்டும். மூட்டை தூக்கும் தொழிலாளி வீட்டில் இருந்தால் அவரிடமே கேட்டுப் பாருங்கள். இந்தப் பாடத்தை அவர் நன்றாக நடத்துவார்.

ஒற்றை அறை வீட்டில் எப்படி?

மாலையில் பிள்ளை வீட்டுக்கு வருகிறது. பை இறங்கிவிட்டது. முதுகுக்கு ஓய்வு கிடைத்ததா? இல்லை. வீட்டுப்பாடம் இருக்கிறது.

மேஜை, நாற்காலி போட எல்லார் வீட்டிலும் இடம் ஏது? ஒரே அறை. அதிலேதான் அடுப்பு, பீரோ, டி.வி. எல்லாம். பிள்ளை பாயில் குப்புறப் படுத்து எழுதுகிறது. அல்லது சம்மணம் போட்டு, தரையில் இருக்கும் நோட்டுக்குக் குனிகிறது. மூக்கு தாளைத் தொடுகிறது.

சம்மணம் போட்டு உட்காருவது தப்பே இல்லை. நோட்டு தரையில் கிடப்பதுதான் தப்பு. கண்ணைத் தேடி நோட்டு மேலே வர வேண்டும். நோட்டைத் தேடித் தலை கீழே போகக் கூடாது.

அந்தக் காலத்துக் கடைகளில் கணக்குப்பிள்ளை மேஜை பார்த்திருப்பீர்கள். தரையில் உட்கார்ந்து எழுதுவதற்காகச் செய்த சாய்வுப் பலகை அது. நம் பெரியவர்கள் விவரம் தெரிந்தவர்கள்! அதை நாமும் செய்யலாம். ஒரு தகரப் பெட்டி போதும். அல்லது இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி மேலே ஒரு பலகை. உட்கார்ந்த பிள்ளையின் முழங்கை உயரத்துக்கு அது இருக்க வேண்டும். முதுகு சுவரில் சாய்ந்திருக்கட்டும். பின்னால் ஒரு தலையணை வைத்தால் இன்னும் நல்லது.

நாற்காலி இருக்கும் வீட்டில் பிள்ளையின் காலைப் பாருங்கள். பெரியவர்கள் நாற்காலியில் சின்னப் பிள்ளை உட்கார்ந்தால் கால் தொங்கும். கால் தொங்கினால் முதுகு சரியும். காலுக்குக் கீழே ஒரு பலகையோ பெட்டியோ வையுங்கள். பாதம் முழுவதும் அதில் படிய வேண்டும்.

புத்தகம் கண்ணிலிருந்து எவ்வளவு தூரம்? அளவுகோல் வேண்டாம். பிள்ளை முழங்கையைப் பலகையில் ஊன்றி, கையை மடக்கிக் கன்னத்தில் வைக்கட்டும். அந்த உயரம்தான் தூரம்.

விளக்கையும் கவனியுங்கள். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் சொந்தக் கையின் நிழலே நோட்டை மறைக்கும். பிள்ளை இன்னும் குனியும்.

எத்தனை சரியாக உட்கார்ந்தாலும் அரைமணிக்கு ஒரு முறை எழுந்திருக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, கையைத் தூக்கி நெளித்துவிட்டு வரட்டும். ஒரே நிலையில் வெகுநேரம் இருப்பது உடம்புக்கு ஆகாது.

கையில் இருக்கும் சின்னப் பெட்டி

செல்போன் கனமில்லாதது. ஆனால் அதைப் பார்க்கக் குனிகிற தலை கனமானது.

பெரியவர்களின் தலை ஏறக்குறைய 5 கிலோ. தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் பாரம் 27 கிலோ அளவுக்குப் போகும் என்று அமெரிக்க டாக்டர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். அது பெரியவர்களுக்கான கணக்கு. பிள்ளைகளின் கழுத்து இன்னும் மெல்லியது.

போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கப் பழக்குங்கள். பாடத்தைப் போனில் பார்க்க வேண்டியிருந்தால், பாத்திரத்தின்மேல் சாய்த்து உயரத்தில் வையுங்கள். பிறகு போனை வாங்கி வைத்துவிட்டு, பிள்ளையை விளையாட விடுங்கள். தினமும் சராசரி 60 நிமிடமாவது ஓடியாடி விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதுகைத் தாங்குவது தசை. தசையை வளர்ப்பது விளையாட்டு. சந்தில் கால்பந்து உதைக்கும் பையனைத் திட்டாதீர்கள். அவன் முதுகுக்கு மருந்து சாப்பிடுகிறான்!

குடமும் ஒரு சுமைதான்

இன்னொரு சுமை உண்டு. அது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது அல்ல. வீட்டில் நாம் கொடுப்பது.

தண்ணீர் லாரி வந்தால் பிள்ளையும் குடத்தோடு ஓடுகிறது. ஒரு பிளாஸ்டிக் குடத்தில் 12 லிட்டர், 15 லிட்டர் பிடிக்கும். அத்தனையும் கிலோ. அதைத் தினமும் ஒரே பக்க இடுப்பில் வைத்துச் சிறுமி வளைந்து நடக்கிறாள். முடிந்தவரை பெரியவர்கள் எடுங்கள். பிள்ளை உதவட்டும், தப்பில்லை. சின்னக் குடமாக, பாதி நிரப்பிக் கொடுங்கள். அண்ணனும் எடுக்கட்டும். தண்ணீர் எடுப்பது தங்கைக்கு மட்டும் எழுதிவைத்த வேலை அல்ல.

"நிமிர்ந்து உட்கார்!"

எல்லார் வீட்டிலும் கேட்கிற குரல் இது. ஆயா சொல்வார், "கூன் போடாதேடா கண்ணு!" பிள்ளை உடனே நிமிரும். ஆயா அடுப்படிக்குப் போனதும் மறுபடி சரிந்துவிடும்.

அது சோம்பல் அல்ல. பலகை தாழ்ந்திருந்தால் எந்தப் பிள்ளையும் குனியத்தான் செய்யும். பை கனத்தால் எந்தப் பிள்ளையும் சாயத்தான் செய்யும். பிள்ளையைத் திட்டும் முன் பலகையைப் பாருங்கள். பையைப் பாருங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் தாய்மார்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 11, 12 வயதில் சில பெண்கள் திடீரென்று தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கத் தொடங்குவார்கள். காரணம் பை அல்ல. உடம்பு வளருகிறது. வெட்கமாக இருக்கிறது. யாரோ ஏதோ கேலி செய்திருப்பார்கள். அந்த நேரத்தில் அதட்டினால் இன்னும் குறுகுவாள். பக்கத்தில் உட்கார வைத்து, இது எல்லாருக்கும் நடப்பதுதான் என்று சொல்லுங்கள். அளவான நல்ல உள்ளாடை வாங்கிக் கொடுங்கள். அம்மா துணை என்று தெரிந்தால் முதுகு தானே நிமிரும்.

டாக்டரிடம் எப்போது?

பிள்ளையைக் காலைச் சேர்த்து நிற்க வைத்து, கைகளைக் கூப்பி முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடாக எழும்பினால் காட்ட வேண்டும். நிற்கும்போது ஒரு தோள் மட்டும் உயர்ந்திருந்தாலும் காட்ட வேண்டும். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிற நோயாக அது இருக்கலாம். பெரும்பாலோருக்கு அது ஏன் வருகிறது என்று தெரியாது. பிள்ளையின் தப்பும் அல்ல, பையின் தப்பும் அல்ல. வளரும் வயதிலேயே கண்டுபிடித்தால் வைத்தியம் சுலபம்.

முதுகு வலியோடு காய்ச்சல், எடை குறைவு, தூங்கவிடாத இரவு வலி, காலில் மரத்துப்போதல் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். முதுகெலும்பில் காசநோயும் வருவதுண்டு. நம் வட்டாரத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. கடையில் விற்கும் கூன் நிமிர்த்தும் பெல்ட்டை வாங்கிக் கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட வேண்டாம்.

இன்று இரவு

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளைக் காலையில் பள்ளிக்கூடம்.

இரவு சாப்பாடு முடிந்ததும் பையை நடுவீட்டில் கவிழ்த்துக் கொட்டுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். போன மாதம் முடிந்துபோன நோட்டு, உடைந்த ஸ்கேல், உலர்ந்த பேனா, கடற்கரையில் பொறுக்கிய கல் எல்லாம் வெளியே வரும். கல்லைத் திட்டாமல் வாங்கி வையுங்கள். நாளைக்கு வேண்டியதை மட்டும் பிள்ளையே அடுக்கட்டும்.

காலையில் அவள் வாசற்படி இறங்கும்போது பின்னாலிருந்து ஒரு முறை பாருங்கள்.

பைக்கு மேலே தலை தெரிகிறதா? கழுத்து நேராக இருக்கிறதா?

இருந்தால் சரி. கப்பல் கோட்டுக்கு மேலேதான் மிதக்கிறது.